மாமாவின் நாக்கில் ஒரு சொட்டு

கப்பலில் கொடுக்கும் வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்தது அந்தப் பாட்டில். பிரித்துப் பார்த்தால் உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு திரவம். பார்க்க ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி இருக்கும். "ம்மா, இத உன் அலமாரில வையி. உங்கக்கா கண்ணுல பட்டா நான் திரும்பிக் கப்பலுக்கே ஓடணும்" என்று சொல்லித்தான் மாமா அதை என் கையில் கொடுத்தார். நான் டீச்சர்; திருத்தக் கொண்டுவந்த பள்ளிக்கூட நோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மாமா என்பது என் அக்காவின் கணவர். ராயபுரத்தில் ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நான். பயணிகள் கப்பலில் மது பரிமாறும் இடத்தில் பதினெட்டு வருஷமாக அவருக்கு வேலை. ஆனால் மனிதர் குடிக்கமாட்டார். கலந்த பானத்தில் ஒரு சொட்டை ஸ்ட்ராவில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார், துப்பிவிடுவார். எங்கள் அப்பா குடித்துக் குடித்தே செத்துப்போனவர். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. அதனால் வீட்டுக்குள் பாட்டில் வரக்கூடாது என்பது கல்யாணத்தன்றே அக்கா போட்ட நிபந்தனை. அவர் வேலையைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் "கப்பல்ல கீறாரு" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

எனக்கோ கேட்கப் பிடிக்கும். லீவில் வரும்போது, அக்கா மீன் வாங்கக் காசிமேடு போயிருக்கும் நேரத்தில் மாமா அந்தச் சிவப்பின் கதையைச் சொல்வார். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் வட இத்தாலியில் கடை வைத்திருந்த ஒருவர், மூலிகைகளையும் பழத்தோல்களையும் சாராயத்தில் ஊறவைத்துச் செய்தது. என்னென்ன சேர்த்தார் என்பது இன்றுவரை ரகசியம். அந்தச் சிவப்பு, ஒரு பூச்சியைக் காயவைத்துப் பொடித்து எடுத்த சாயம் என்றதும் நான் முகத்தைச் சுளித்தேன். "இப்போ நெறைய ஊர்ல அத மாத்திட்டான்" என்று சிரித்தார். சாப்பாட்டுக்கு முன்னால், பசியைக் கிளப்புவதற்காக அங்கே இதைக் குடிப்பார்களாம். மூலிகை போட்ட இனிப்பு ஒயினும் சோடாவும் சேர்த்தால் ஒரு பானம். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அதை விரும்பிக் கேட்டதால் அமெரிக்கானோ என்றே பெயராகிவிட்டதாம். ஒருநாள் யாரோ ஒரு பிரபு, "சோடா வேண்டாம், ஜின் ஊற்று" என்றதில் நெக்ரோனி என்ற இன்னொரு பானம் பிறந்ததாகச் சொல்வார்கள். வெறும் ஆரஞ்சுச் சாறோடும் கலப்பார்கள். நுரைக்கிற ஒயினோடு சேர்த்து ஆரஞ்சுத் துண்டு செருகிக் கொடுப்பதும் உண்டு. "மத்ததெல்லாம் இனிச்சு ஆள மயக்கும்மா. இது ஒண்ணுதான் மொதல்ல கசந்து மூஞ்சச் சுளிக்கவெச்சு, அப்பால தோஸ்து ஆவும்" என்பார்.

ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய வருஷம் கப்பல்கள் நின்றன. மாமா வீட்டோடு இருந்தார். அவருக்கும் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் சரியானது. அப்படித்தான் நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நண்டுக் குழம்பு வைத்தாள். மாமா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு "சூப்பரா கீதும்மே" என்றார். அதற்குப்பின் நான் ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெருவில் கருவாட்டு வண்டி நின்றால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். அவர் மட்டும் கொஞ்ச நாளாக எதுவும் தெரியாதவர்போல ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

"எப்போலேர்ந்து?" என்றாள் அக்கா.

"ஜொரம் வந்ததுலேர்ந்தே. மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. எல்லாம் காகிதம் மென்னுகினு இருக்கற மாதிரி கீது."

கப்பல்கள் மறுபடி கிளம்பத் தொடங்கியதும் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு மாதத்தில் மும்பைக்கு வரவேண்டும். பத்துக் கோப்பை வைப்பார்கள், ருசித்து இன்னதென்று சொல்லவேண்டும். மாமா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்னபடி கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சைத் தோல் என்று காலையும் மாலையும் முகர்ந்து பார்த்தார். மூன்று வாரம் போயும் ஒன்றும் தெரியவில்லை. மணலியில் லாரி ஓட்டப் போகலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். தன் கைவேலையை விட்டுவிட நினைக்கிறவரின் குரலாக அது இல்லை. வேறு யாருக்கோ வேலை தேடுவதுபோல இருந்தது.

மறுநாள் காலை அக்கா கீழே வந்தாள். நேராக என் அலமாரி முன்னால் நின்றாள்.

"அந்த பாட்டில எடு."

"எந்த பாட்டில்?"

"நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் இந்த அலமாரியத் தொடைக்கறது யாரு? மூணு வருசமா அதத் தூக்கிவெச்சுத் தொடைச்சுகினு கீறேன். எடு."

நோட்டுகளை ஒதுக்கி எடுத்துக் கொடுத்தேன். பாட்டிலை முந்தானைக்குள் மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள். அப்பா இறந்த நாளிலிருந்து பாட்டிலைக் கண்டாலே அவள் முகம் திருப்பிக்கொள்வதைப் பார்த்தவள் நான். அந்தப் படிகளை அவள் எப்படி ஏறினாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

தினமும் காலையில் பல் விளக்கியதும் மாமாவை நாற்காலியில் உட்காரவைப்பாள். டீஸ்பூனில் ஒரு சொட்டு. மூடியைத் திருகும்போது மட்டும் தன் மூச்சை அடக்கிக்கொள்வாள். "இன்னா தெரியுது?" "ஒண்ணும் தெரியல." மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். நடுவில் ஒருநாள் மாமா "போதும் வுடு" என்று எழுந்துவிட்டார். "உக்காரு" என்றாள், அவ்வளவுதான். உட்கார்ந்தார்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து மாமாவின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் முகம் கோணிப்போய் உட்கார்ந்திருந்தார். "கசக்குது! ம்மே, கசக்குது!"

அக்கா நம்பவில்லை. சும்மா தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாரோ என்று சந்தேகம். முந்தானையால் அவர் கண்ணைக் கட்டினாள். ஒரு கரண்டியில் ரோஸ்மில்க் எசன்ஸ் கலந்த தண்ணீர், இன்னொன்றில் இது. மாற்றி மாற்றிக் கொடுத்தாள். ஆறு தடவையும் சரியாகச் சொன்னார். ஏழாவது தடவை கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவர் கண்கட்டை அவிழ்த்துவிட்டு அவளைப் பார்த்தார். நான் பள்ளிக்கு அன்று தாமதமாகப் போனேன்.

நாலு நாளில் கசப்புக்குப் பின்னால் ஆரஞ்சுத் தோல் வந்தது. பிறகு காப்பி, கிராம்பு. மும்பையில், தனக்கு ருசி போய்த் திரும்பியதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கோப்பையைத் தொட்டார். பத்தில் எட்டைச் சரியாகச் சொன்னார். எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கப்பலில் மது பரிமாறும் அந்த இடத்துக்கே மேற்பார்வையாளர். மல்லிகை வாசம் மட்டும் இன்னும் திரும்பவில்லை என்கிறார். அவர் வரும் நாட்களில் அக்கா வழக்கம்போலத் தலையில் மல்லிகை வைத்துக்கொள்ளத்தான் செய்கிறாள்.

அவர் மறுபடி கப்பலேறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் நினைவில் நன்றாகவே இருக்கிறது. அக்கா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். நானும் மாமாவும் கூட இருந்தோம். அவள் திடீரென்று மாமாவைப் பார்த்து, "நீ அங்க இன்னாதான் பண்ற? எனக்கு ஒண்ணு பண்ணிக் காட்டு. சாராயம் கூடாது" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. மாமா கீழே ஓடி, ஆரஞ்சு பிழிந்து, சோடாவும் ஐஸும் சேர்த்து, நிலவேம்புக் கஷாயம் கொஞ்சம் விட்டு, விளிம்பில் ஒரு துண்டு செருகிக் கொண்டுவந்தார். லுங்கிமேல் கப்பல் சட்டையை மாட்டிக்கொண்டு, அக்கா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி முன்னால் குனிந்து, "மேடம்" என்று நீட்டினார்.

அக்கா ஒரு வாய் குடித்தாள். கண்ணை இறுக மூடித் திறந்தாள். துறைமுகத்துப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரை அவர் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் கஷாயம் ஊத்து" என்றாள்.

காய்ந்த துணிகளை நான் வாரிக்கொண்டு கீழே இறங்கினேன். இராத்திரி சமையலுக்குப் புளி கரைக்க வேண்டியிருந்தது.