காந்தம் ஒட்டாத கம்பி

தம்பியின் படகில் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட்டுக்கு நான் வாங்கிய துருப்பிடிக்காத எஸ்.எஸ். கம்பியில் மிச்சமிருந்த துண்டை, இன்று திருவொற்றியூர் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பட்டறைக்காரர், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார். கம்பியில் வைத்து அழுத்தினார். இரண்டே நொடி.

“இன்னா மாமு, இத்தயா படகுக்குப் போட்டே? நிக்கல் கம்மியா கீது. உப்புத்தண்ணி அரிச்சு முறிஞ்சிடும்.”

“நல்ல எஸ்.எஸ்.னா காந்தம் ஒட்டாதுன்னு, வச்சுப் பாத்துதான் வாங்குனேன் நைனா. ஒட்டலியே!”

“இந்த மட்டமான சரக்குலயும் ஒட்டாது மாமு.”

முன்பெல்லாம் துண்டை லேபுக்கு அனுப்பினால் பதில் வர ஒரு வாரமாகும். அந்த ஒரு வாரமாவது தூங்கியிருப்பேன்.

தம்பி நாலு நாளாகக் கடலில் இருக்கிறான். போன் போகவில்லை.

காசிமேடு துறைமுகத்தில் யாரிடமாவது வயர்லெஸ் இருந்தால், அவனை மெதுவாக ஓட்டிக்கொண்டு உடனே திரும்பச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் அண்ணன் வாங்கிய கம்பி என்றே சொல்லுங்கள். திட்டுவதைக் கரைக்கு வந்து நேரில் திட்டட்டும்.