பாலை மரத்தடியில் வைத்த கொப்பு

மகளுக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டுப் பதினொரு நாளாகியிருந்தது. குளம் வான் பாய்கிறது என்று பக்கத்து வளவு அக்கா வந்து சொன்னபோது நான் முதலில் எண்ணிப் பார்த்தது அந்தப் பதினொரு நாளைத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்த எங்களுக்கு அது இரண்டாவது மாரி. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான்கட்டுக்கு மேலால் வழிந்து கீழே விழுவதைத்தான் அங்கே வான் பாய்கிறது என்பார்கள். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரை நான் புவியியல் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அதைப் பற்றிப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன்.

காட்டு வழியால் போய், வானைப் பார்த்துவிட்டு, குளக்கட்டால் திரும்பினால் ஒரு வட்டம். காலையில் வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்றார் அக்கா. நான்கு வயதுப் பிள்ளை, காய்ச்சல் விட்ட உடம்பு, ஈரக் காடு. கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா, விடுவதென்றால் யாரிடம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"நீர் யோசிச்சு முடிக்க வான் நிண்டிடும்," என்றார் என் கணவர்.

போனோம். ஒரு பையில் கொதித்தாறின தண்ணீர், பிஸ்கட், மகளுக்கு மாற்றுச் சட்டை, துவாய், காய்ச்சல் குளிசை எல்லாம் வைத்திருந்தேன். அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, திரும்பவும் இடம்பெயர்ந்து போறியோ?"

வழி கடினமில்லை. பழைய வண்டித் தடம். சில இடங்களில் கணுக்காலளவு சேறு, சில இடங்களில் வேர்கள். முதல் நாள் மழை பெய்திருந்ததால் இலைகளில் தங்கியிருந்த தண்ணீர் காற்றடித்தால் மொத்தமாகக் கொட்டியது. மகள் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அரை மணித்தியாலத்துக்குள் அவளுடைய செருப்பு வார் கழன்றுவிட்டது. அவர் குந்தியிருந்து அதை ஒரு நூலால் கட்டத் தொடங்கினார்.

"நீங்கள் நடவுங்கோ. கட்டிப்போட்டுப் பின்னால வாறம்."

நான் நின்றேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"தேப்பனோடதானே நிக்குது. வா பிள்ளை."

வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் பெரிய பாலை மரம் ஒன்று நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் காய்ந்த இலைக் கொப்புகள் நிறையத் தொங்கின. அக்கா அருகிலிருந்த பற்றையில் ஒரு கொப்பை முறித்து, கிளையில் கொழுவி, பிள்ளையாரே என்று வாய்க்குள் சொல்லிவிட்டு வலப்பக்க வழியால் நடந்தார். காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாருக்கு இப்படி ஒரு கொப்புப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நானும் ஒன்று முறித்தேன். பிள்ளைக்காகவும் சேர்த்து என்று சற்றுப் பெரிதாகவே முறித்தேன். அதைக் கிளையில் கொழுவுவது ஏனோதானோ என்று செய்வதுபோல எனக்குப் பட்டது. காணிக்கை என்றால் காலடியில் அல்லவா வைக்கவேண்டும். மரத்தடியில், நாங்கள் போகிற வழியின் தொடக்கத்தில், இலைகள் கசங்காமல் குறுக்காக நீட்டி வைத்துக் கும்பிட்டேன். அக்கா அதற்குள் வளைவு தாண்டிவிட்டார்.

வான் நான் நினைத்ததைவிட அகலம், நினைத்த அளவு உயரமில்லை. மண்நிறத் தண்ணீர் மூன்று படிகளாக விழுந்து, அடியில் நுரைத்து, காட்டுக்குள் ஓடியது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருடைய கதை கேட்காது. சிறிது நேரம் பார்த்தேன். பிறகு வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு செருப்பு வார் கட்ட இவ்வளவு நேரம் எடுக்காது. அக்காவை இழுத்துக்கொண்டு சத்தம் குறைந்த இடத்துக்குப் போய் அதைச் சொன்னேன்.

"வழி பிரியிற இடத்தில மாறிப் போட்டினமோ," என்றார் அவர். "ஆனா தம்பிக்குக் காலடி பாக்கத் தெரியுமே." என் கணவரைத் தம்பி என்றுதான் அவர் சொல்வார்.

"பிள்ளையார் காப்பாற்றுவார். நானும் கொப்பு வைச்சிட்டுத்தான் வந்தனான்."

"எங்க வைச்சனீ?"

மரத்தடியில், வழியின் தொடக்கத்தில் நீட்டி வைத்ததைச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"நிலத்தில, வழிக்குக் குறுக்கால பச்சைக் கொப்பு வைச்சா, இதால வராதை, மற்றதால வா எண்டெல்லோ அர்த்தம். விறகுக்கு முன்னுக்குப் போறவை பின்னுக்கு வாறவைக்கு வைக்கிறது. என்ரை மனிசனோட விறகுக்குப் போற தம்பிக்கு அது நல்லாத் தெரியும்."

"மற்ற வழி எங்க போகுது?"

"ஆத்துக்கு," என்றார். வானில் விழுந்த அத்தனை தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஆற்றில்தான். கோடையில் நடந்து கடக்கலாமாம்.

திரும்பி நடந்தோம். அக்கா முன்னால் "கூ" என்று குரல் கொடுத்தபடி போனார். நான் பின்னால் பையோடு ஓடினேன். கூட்டி வராமல் விட்டிருக்கலாம். செருப்புக் கட்டி முடியும்வரை நின்றிருக்கலாம். கும்பிடாமலே வந்திருக்கலாம். இந்த மூன்றையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு போனேன், அழவில்லை. பாலை மரத்தடியில் என் கொப்பு வைத்தபடியே கிடந்தது. அதைத் தாண்டிச் சேற்றில் எங்கள் இருவருடைய காலடிகள் மட்டும். இடப்பக்க வழியில் அவருடைய செருப்புத் தடம் இருந்தது. சின்னத் தடம் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கால் மணித்தியாலத்தில் எதிர்க்குரல் கேட்டது. ஆற்றின் இக்கரையில் விழுந்து கிடந்த மரத்தில் அவர் இருந்தார். மடியில் மகள். அவருடைய சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது. மகளின் சட்டையும் இடுப்புவரை நனைந்திருந்தது.

"எங்க போனீர்?" என்றார். "நீர்தானே இதால வரச்சொல்லிக் கொப்பு வைச்சனீர்."

"நான் பிள்ளையாருக்கு வைச்சனான்."

அவர் என்னையே பார்த்தார். அக்காதான் சிரித்தார்.

"பிள்ளையாரும் அதைக் கண்டிட்டு இதாலதான் வந்திருப்பார். எங்கயும் அக்கம்பக்கம் நிக்கிறாரோ பாருங்கோ."

"ஏன் நனைஞ்சிருக்கிறா?" என்று கேட்டேன்.

"இலைத்தண்ணி," என்றார் அவர்.

மகளின் சட்டையைக் கழற்றித் துவாயால் துடைத்தேன். இலைத்தண்ணி மேலேயிருந்து நனைக்கும். அவளுடைய தலைமயிர் காய்ந்திருந்தது. மாற்றுச் சட்டையைப் போட்டுவிட்டேன்.

குளக்கட்டால் வீட்டுக்குப் போக வானைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே வந்ததும் மகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பார் பிள்ளை, பார்," என்று அக்கா எவ்வளவு சொல்லியும் நிமிரவில்லை. "வீட்ட போவம்," என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் திரும்பிப் போய்ச் சோறு வைத்தேன்.

அடுத்த நாள் அந்தச் சட்டையைக் கிணற்றடியில் தோய்த்தபோது கரை மடிப்புக்குள்ளிருந்து ஆற்று மணல் வந்தது. எங்களைத் தேடி அவர் பிள்ளையோடு ஆற்றில் எவ்வளவு தூரம் இறங்கினார், ஏன் திரும்பினார், எங்கள் குரல் கேட்டதாலா, அதற்கு முன்னமேயா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் நான் வைத்த கொப்பின் கதையும் வரும். இரண்டு கிழமை காலையும் மாலையும் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை.

அந்த மாதம் வவுனியாவில் இருந்த தன் தாயாருக்கு அவர் கடிதம் எழுதினார். வழக்கம்போல ஒட்டுவதற்கு முன் என்னிடம் வாசிக்கத் தந்தார். எல்லோரும் வான் பார்க்கப் போய்வந்தோம், பிள்ளை நல்ல சுகம் என்று இருந்தது. நீரும் ஏதாவது எழுதும் என்றார். ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.