அடிக்காத மணி

அண்ணி பகடைக்காயை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய கைப்பேசி ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு நாங்கள் மூவரும் விளையாட உட்கார்ந்திருந்தோம். எழுந்து சமையலறைப் பக்கம் போனவர், திரும்பி வரும்போதும் அந்தக் கையை விரிக்கவில்லை. "நாளைக்கு மேனேஜர் வரச் சொல்றாரு. நம்ம காமிக்ஸ் விஷயமா," என்றார். அண்ணன் எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மலேசியாவின் தென்கோடியில், பாசிர் கூடாங்கின் அந்த வெக்கையில் யாரும் அதைத் திரும்பப் போடவும் இல்லை.

அண்ணி ரெங்கம் என்ற சிற்றூர்க்காரர். திருமணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது துறைமுகத்தை ஒட்டிய ஒரு ரசாயன ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் அந்த விளையாட்டை ஆலைத் தோழிகளிடம் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கும் பழக்கினார். ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடக்கவேண்டும். எடுத்த காரியம் கைகூடுமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கதை சொல்வது எப்போதும் அண்ணிதான். நான் மந்திரக்காரி. தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் அண்ணன், ஆபத்து வந்தால் முதலில் ஓடிவிடும் ஒரு வாள்வீரன்.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைப்பது என் பிழைப்பு. விளையாடியதையெல்லாம் வரைந்து இணையத்தில் போடலாம் என்று தோன்றியது. தொடக்கத்தில் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் படிக்கவில்லை. அவர்களிலும் பாதிப் பேர் படிக்காமலேயே 'அருமை' என்று எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். படங்களை இன்னும் நுணுக்கமாக வரைந்தேன், வண்ணங்களை மாற்றினேன், எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "இந்த டிராகன் ஏன் மேடையில பேசுற மாதிரி பேசுது? நம்ம ஆளுங்க மாதிரி பேச விடு லா," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் டிராகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அலமாக், மறுபடியும் நீங்களா?" என்றது. அந்த ஒரு படம் குளுவாங், பினாங்கு, சிங்கப்பூர் என்று கைமாறிக் கைமாறிப் போனது. தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் 'அலமாக்' என்றால் என்னவென்று கேட்க, முன்பின் தெரியாத பத்துப் பேர், மலாயில் 'ஐயையோ' என்பதுதான் அது என்று அவருக்கு விளக்கம் எழுதினார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமை காலையில் படம் வரத் தாமதமானால் கோபித்துக்கொள்ளும் வாசகர்கள் எங்களுக்குக் கிடைத்தார்கள். ஓடிப்போகும் வாள்வீரன்தான் அவர்களுடைய செல்லப்பிள்ளை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி துறைமுக ஊர்க் கதையைத் தொடங்கினார். ஊருக்கு அடியில் ஒரு டிராகன் தூங்குகிறது. அதன் மூச்சு மண்ணைத் துளைத்து மேலே வந்தால் மக்களை எச்சரிக்கக் கோபுரத்தில் ஒரு மணி உண்டு. ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் வியாபாரம் நின்றுபோகிறதென்று யாரோ அதன் நாக்கில் துணியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். "யாரு சுத்துனது?" என்று அண்ணன் கேட்டான். "ஊர்த் தலைவருதான்," என்றார் அண்ணி. அந்தக் குரல் விளையாட்டுக் குரலாக இல்லை. வரைந்து முடித்து அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "போடு," என்றார்.

படம் வெளியான அன்றே கீழே ஒருவர், 'எங்க பிளாண்ட்லயும் இதே கதைதான்' என்று எழுதியிருந்தார். பிறகு இன்னொருவர். ஆலைப் பேருந்துகளில் அந்தப் படத்தைக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் நான் அண்ணியிடம் நேராகவே கேட்டேன். அவருடைய பிரிவில் வாயுக்கசிவைச் சொல்லும் எச்சரிக்கை மணியை அணைத்து வைத்திருந்தார்கள். காரணமில்லாமல் அடித்து உற்பத்தியை நிறுத்துகிறது என்பது அவர்கள் சொன்ன சமாதானம். பழுதுபார்க்கச் சொல்லி அண்ணி மேலதிகாரிகளிடம் பலமுறை பேசியிருந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே நாள் போயிருந்தது.

மேனேஜரின் அழைப்பு வந்த அந்த ஞாயிறன்று அண்ணன் கெஞ்சினான். "எடுத்திடு பாப்பா. ஒரு படம்தானே, எடுத்துட்டா முடிஞ்சுது." நான் அண்ணியைப் பார்த்தேன். தீர்மானிக்க முடியாதபோதெல்லாம் எங்கள் வீட்டில் பகடையை உருட்டுவது வழக்கம். அன்று அவர் அதை மேசையின் ஓரத்தில் வைத்தார். "இதுக்கு இது வேணாம்," என்றார்.

மறுநாள் அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு காரை ஓட்டினான். நானும் போனேன். ஆலை வாசலுக்கு எதிரே காத்திருந்தோம். அண்ணி வந்து ஏறியதும், உள்ளே மலாயில் நடந்த பேச்சை எங்களுக்குத் தமிழில் சொன்னார். இது நம் ஆலையைப் பற்றியதா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். "டிராகன் கதை சார். நம்ம ஆலையில டிராகன் இருக்கா?" என்றிருக்கிறார் அண்ணி. மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த மணி எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். "அடிச்சுப் பாத்தா எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும் சார்னு சொல்லிட்டேன்," என்றார் அண்ணி. நாளையிலிருந்து அவருக்குத் தன் பிரிவில் வேலை இல்லை, சாமான் கிடங்கான ஸ்டோரில்தான். படத்தை நீக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதை மேனேஜர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எங்களை அந்த வாரம் முழுக்கத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு அடுத்த படம் வந்தாக வேண்டும். அதற்கு முதலில் கதையை விளையாடி முடிக்க வேண்டும். வியாழன் மாலை மூவரும் உட்கார்ந்தோம். கோபுரத்தின் அடியில் வாள்வீரன் நிற்கிறான். மேலே துணி சுற்றிய மணி. "ஓடுறேன்னு சொன்னா?" என்று அண்ணன் கேட்டான். "உங்க இஷ்டம். நான் கதைதான் சொல்றேன்," என்றார் அண்ணி. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏறுறேன்," என்றான். உருட்டினான்.

விழுந்தது மூன்று. தோல்வி. கைவழுக்கிப் பாதியிலேயே கீழே விழுகிறான். மணி அடிக்கவில்லை.

இன்னொரு முறை உருட்டலாம், யாருக்கும் தெரியாது என்றேன். அண்ணி மறுத்துவிட்டார். விழுந்ததை விழுந்தபடியே வரைந்தேன். முதன்முதலாக ஓடாமல் ஏறியவன் புழுதியில் கிடக்கிறான், மேலே மணி ஊமையாகத் தொங்குகிறது. வாசகர்கள் கொதித்துப்போனார்கள். எங்களைத் திட்டினார்கள், ஊர்த் தலைவரைத் திட்டினார்கள். வாள்வீரன் ஜெயித்திருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த வாரம் அண்ணியின் ஆலைக் கேன்டீன் சுவரில் அந்தப் படத்தை யாரோ அச்செடுத்து ஒட்டி, அடியில் மலாயில் 'மணியை அடியுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். கிழிக்கக் கிழிக்கப் புதிதாக ஒட்டினார்கள். சில வாரங்கள் கழித்து, வழக்கமான பராமரிப்பு என்ற அறிவிப்போடு எச்சரிக்கை மணியைப் பழுதுபார்த்தார்கள். அண்ணியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்டோரிலிருந்து அவரைத் திரும்ப அழைக்கவுமில்லை. அவரே வேலையை விட்டுவிட்டுப் பத்து பாகாட் என்னும் ஊரில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தார்.

இப்போது அண்ணியும் அண்ணனும் அங்கேதான் இருக்கிறார்கள். பாலம் தாண்டும் வேலையை விட்டுவிட்டு அண்ணனும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டான். ஞாயிறுதோறும் நான் பேருந்தேறிப் போகிறேன். சென்ற ஆண்டு ஜொகூர் பாருவில் நடந்த ஒரு காமிக்ஸ் சந்தையில் எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. வாசகர்கள் வந்து வாள்வீரனைப் பற்றிக் கேட்க, அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் நின்றான். கூட்டம் குறைந்தபோது கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. "கதை சொல்ற அக்கா நீங்களா?" என்று அண்ணியிடம் கேட்டார். தன் வீட்டுக்காரர் அந்த ஆலையில், அண்ணி இருந்த அதே பிரிவில் வேலை செய்கிறார் என்றார். "போன மாசம் அந்த மணி அடிச்சுச்சு, கா. நெசமாவே அடிச்சுச்சு."

அண்ணி எழுந்துவிட்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க, கா. எல்லாரும் வந்துட்டாங்க."