டிரம் ஆறும்வரை

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு லேத் மெஷினில் இரும்பு கடையும் நானா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டார். எல்லாம் குழம்பத் தொடங்கியது அப்போதுதான். “சூடு ஆறட்டும் தம்பி. நான் வந்து அளக்கிறன். அதுவரைக்கும் தொட வேணாம்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தொட வேண்டாம் என்றது, மாமாவின் வேன் சக்கரத்திலிருந்து கழற்றிய பிரேக் டிரம்மை. பதுளை ஆஸ்பத்திரியில் எனக்கொரு தம்பி பிறந்திருந்தான். அன்று பின்னேரம் அம்மாவை வீட்டுக்கு அனுப்ப டிக்கெட் வெட்டுவார்கள். பசறைக்கு அப்பால் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடு வரைக்கும் அக்காவையும் பிள்ளையையும் தன் சொந்த வேனில்தான் கொண்டுவருவேன் என்று மாமா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் பதுளைக்கு இறங்கி வரும்போது, பிரேக் மிதித்த இடத்திலெல்லாம் வண்டி உதறியது. அப்பா பிடிவாதமாக நின்றதால்தான் மாமா டவுனில் இருந்த நானாவின் கராஜுக்குள் திருப்பினார்.

நானா தெருமுனையைத் தாண்டியதும் மாமா அவருடைய விட்டம் அளக்கும் காலிப்பரை எடுத்து, டிரம்முக்குள் விட்டு விரித்தார். டிரம்மின் வெளிப்பக்கத்தில் ஓர் எண் வார்க்கப்பட்டிருந்தது. தேய்ந்தாலும் சரி, லேத்தில் கடைந்தாலும் சரி, உள்வட்டம் அந்த எண்ணுக்கு மேல் அகலக் கூடாது என்று அப்பா எனக்குச் சொன்னார். மாமா அளந்தது அதற்கு மேல் இருந்தது.

“சூட்டுல வீங்கியிருக்கு மச்சான்” என்று சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். இரும்பு சீறிப் புகைந்தது. மறுபடி அளந்தார், அளவு குறைந்திருந்தது. பிறகு காலிப்பரை டிரம்மின் வாயோரத்தில் வைத்து அளந்தார். இன்னும் குறைந்தது.

“பாத்தீங்களா! புதுசு மாதிரி இருக்கு.”

“காச்சல் பாக்குற மாதிரி, கொறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பியா மாப்ள?” என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொருளுக்கு ஓர் அளவுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அந்த டிரம்முக்கு மூன்று இருந்தன.

நானா திரும்பி வந்து ஈரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். “சூட்டு இரும்புல பச்சத் தண்ணி ஊத்துவாங்களா தம்பி?” துடைத்துக் காயவைத்தார். கோடு விழுந்திருந்த ஆழமான இடத்தில் அளந்தார். டிரம்மைக் கொஞ்சம் திருப்பி, குறுக்காக அளந்தார். மறுபடியும் திருப்பினார். அவருக்கும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்று வந்தது. எனக்குத் தலை சுற்றியது.

“ஓரத்துல பிரேக் ஷூ படுறதே இல்ல. அங்க எப்பிடித் தேயும்? ஷூ உரசுற எடத்துலதான் பாக்கணும். அங்க கோடு விழுந்து, கோணியும் போயிருக்கு. இதக் கடஞ்சு நேராக்கினா அந்த நம்பரத் தாண்டிரும். வேற டிரம் கொழும்புல இருந்துதான் வரணும்.”

“லேசாக் கடைஞ்சு குடுங்க நானா. நான் கியர்லயே மெல்ல எறங்கிக்கிறேன்.”

“ஏலாது. மெல்லிசாப் போன டிரம் சூடு தாங்காது.”

“அதெல்லாம் தாங்கும்.”

“யாரு தாங்குறது? அந்தப் பச்சப்புள்ளயா?”

மாமாவின் முகம் கறுத்தது. ஆனாலும் காலிப்பரை மறுபடி கையில் எடுத்தார்.

பல வருஷம் கழித்து இப்போதுதான் இதை எழுதுகிறேன். போன வாரம் என் மகள் வந்த பஸ்ஸுக்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினாராம். யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவள் சிரிக்கிறாள், எனக்குத்தான் தூக்கமில்லை. சூட்டில் இரும்பு விரியும், ஓரம் தேயாது என்பதெல்லாம் இப்போது எனக்கு விளங்கும். அன்று, அளக்க அளக்க இரும்பு பொய் சொல்கிறது என்றுதான் நினைத்தேன். வேன் வேண்டாம் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. துவாயில் சுற்றிய பிள்ளையோடு அம்மா இறங்கினார். காத்திருந்து பார்த்துவிட்டு, அப்பா சொல்லியனுப்பியிருந்த கராஜைத் தேடித் தானே வந்துவிட்டார்.

“அக்கா, ஓரத்துல அளந்தா சரியாத்தான்...” என்று தொடங்கிய மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா நானாவைப் பார்த்தார். நானா கூடாதென்று மெல்லத் தலையை ஆட்டினார்.

அம்மா வேனின் பக்கம் திரும்பவேயில்லை. மாமாவின் கையிலிருந்த காலிப்பரை வாங்கி மேசையில் வைத்தார். “தம்பி, நீ இப்பவே ஓடு. பசறை பஸ்ஸுல எனக்கும் புள்ளைக்கும் முன் சீட்டாப் பாத்து எடம் புடி. அந்தக் கூட்டத்துல நீ போனாத்தான் கெடைக்கும்.”

மாமா ஓடினார். தோற்றுப்போன ஒருவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாக ஓடுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.