ஐந்தாவது விரல்

அம்பகரத்தூரில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறவராம். கழுத்தில் பவுடர், மடிப்புக் கலையாத சட்டை, கேட்பது நான் ஒருவன்தான் என்றாலும் வகுப்புக்கே பேசும் குரல். மனித வாழ்க்கைக்கு எட்டுப் பருவங்கள் என்று, நான் கேட்காமலே, சுண்டுவிரலில் தொடங்கி மடக்கிக்கொண்டே வந்தார்.

"அஞ்சாவதுதாங்க முக்கியம். 'நான் யாரு'ன்னு பிள்ளைங்க தானாத் தேடுற வயசு. பெத்தவங்க குறுக்க போகவே கூடாது." கட்டைவிரலும் மடங்கியது.

ஜன்னலோரம் அவருடைய மகள் இருந்தாள்.

"என்னம்மா படிக்கிறே?" என்றேன்.

அவள் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "படிப்ப நிப்பாட்டிட்டோங்க. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைஞ்சிருக்கு. இவ பிரான்ஸுக்குப் போயிட்டா, பின்னாடியே நாங்களும் போயிரலாம்ல?"

"பொண்ணுக்குப் பிடிச்சிருக்குங்களா?"

"அன்பு, நெருக்கமெல்லாம் ஆறாவது பருவங்க. அங்க போனா தானா வந்துரும்."

எவ்வளவு சுத்தமான பாடம்! இவரிடம் படிக்கிற பிள்ளைகள் நிச்சயம் பாஸாகிவிடுவார்கள்.

கோவில்பத்தில் நான் இறங்கும்வரை அவர் விரல்களைப் பிரிக்கவில்லை. எட்டுப் பருவமும் தெரிந்த மனிதருக்குத் தன் மடியில் இருப்பது இறுகிய முஷ்டி என்று மட்டும் எப்படித் தெரியாமல் போனது? மகள் வழியெல்லாம் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.