பத்தாவது ஆள்

நேற்று வாங்கிய வெளிநாட்டு பிஸ்கட் பொட்டலத்தின் ஓரத்தில், வட்டத்துக்குள் ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தது. யூதர்கள் சாப்பிடலாம் என்பதற்கான முத்திரை. எங்கள் தெருவில் இது தெரிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்த முத்திரையைத் தேடித் தூத்துக்குடியில் கடை கடையாக அலைந்து, கடைசியில் பத்துப் பேருக்கு வாழைப்பழமும் வேர்க்கடலையும் வாங்கிக் கொடுத்தவன் அல்லவா!

அப்போது ஒரு சுற்றுலா அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதம். வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து ஒன்பது மாணவர்களும் ஒரு பேராசிரியரும் வந்தார்கள். எல்லோரும் யூதர்கள். தங்கள் முன்னோர் வாழ்ந்த இடங்களைப் பார்க்கிற பயணம். கொச்சியோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மிரியம் என்ற மாணவியின் கொள்ளுத் தாத்தா முத்து வியாபாரி. முத்துக்குளிப்புக் காலத்தில் இங்கே வந்து காய்ச்சலில் இறந்துபோனாராம். அவர் கல்லறையில் பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்பது, ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் அப்பாவின் ஆசை. கல்லறை எங்கே? அவளுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இரண்டு நாள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். வேன் ஓட்டிய மிக்கேல் அண்ணாச்சி எல்லா இடத்துக்கும் கூடவே வந்து, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வெறுத்துப்போய், "சிலுவ இல்லாத ஒரு கல்லுகூடவா இந்த ஊர்ல இல்ல?" என்று கத்தியபோதுதான் பேப்பரை மடித்தார்.

"கல்லறத் தோட்டத்துச் சொவருக்கு வெளிய ஒண்ணு கெடக்குலா. சின்னதுல அதைத்தான் ஸ்டம்பா வச்சு வெளையாடுவோம். என்னமோ கொக்கி கொக்கியா எழுதியிருக்கும்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"நீ யூதங்க கல்லறைன்னுல்லா கேட்டே? கல்லுன்னு கேட்டியாலே?"

கல் அங்கேதான் இருந்தது. மிரியம் மண்ணைத் துடைத்து, எழுத்துகளை விரலால் தடவிப் படித்தாள். பெயர் சரியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன். அப்போது பார்த்துப் பேராசிரியர் ஆட்களை எண்ணினார். ஒன்பது. ஆணோ பெண்ணோ, அந்தப் பிரார்த்தனைக்குப் பத்து யூதர்கள் வேண்டுமாம். டேன் என்ற மாணவனைக் காணவில்லை.

பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். மறுநாள் அந்தி வரை வண்டி ஏறமாட்டார்கள், கல்லறைக்கும் வரமாட்டார்கள். அது முடிந்த கையோடு ரயில்.

"நான் பத்தாவதா நிக்கேன். சாமி என்ன, ரேஷன் கார்டா கேக்கப் போவுது?" என்றார் அண்ணாச்சி. பேராசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினார்.

டேன் பழைய துறைமுகத்தில் உட்கார்ந்து சரக்குத் தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாளாகக் கல்லறைகளையே பார்த்து அலுத்துவிட்டதாம். எனக்கு மட்டும் இனித்ததா? அடக்கிவைத்தது எல்லாம் தமிழில் வெடித்தது.

"ஏலே, ஒனக்காலே அலுப்பு? ஒன் வாழப்பழத்துக்கு ஊரெல்லாம் அலைஞ்சது யாரு? அங்கன ஒருத்தி, அப்பா சாகக் கெடக்காருன்னு மண்ணுல உக்காந்திருக்கா. நீ இங்கன தோணி பாக்கியோ? எந்திரிலே!"

ஒரு சொல்கூடப் புரியாமல் எழுந்து வந்தான்.

வெயில் மங்குவதற்குள் பத்துப் பேரும் கல்லைச் சுற்றி நின்றார்கள். மிரியம் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். எல்லோரும் சொல்லி முடித்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால், சற்றே பிந்தி, அதிலிருந்து அவள் அப்பாவின் தளர்ந்த குரல் வந்தது. "ஆமென்" வந்த இடத்தில் மிக்கேல் அண்ணாச்சியும் உரக்கச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை.

அவள் அப்பா அந்த மாதமே போய்விட்டார். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை மிரியம் எழுதுவாள்: "கல் நன்றாக இருக்கிறதா?" நான் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் போடுவேன். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். நான் போனபோது சுவரும் இல்லை, கல்லும் இல்லை, தார் காய்ந்துகொண்டிருந்தது. இடித்ததை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். பள்ளம் இருந்த இடமெல்லாம் என்றார்கள். விசாரித்துச் சொல்ல அண்ணாச்சியும் அப்போது உயிரோடு இல்லை.

அந்த ஆண்டு அவள் கேள்விக்கு மூன்று முறை பதில் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அவள் கேட்கவில்லை.