ஒன்வே கண்ணாடியும் என் அரை டிராயரும்

பசுமலையில் ஒரு பஸ் ஸ்டாப்பில் ஆட்டோக்காரர் ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தபோது நான் அரை டிராயரில் இருந்தேன். அப்போது நான் ஒன்றும் தொழிலுக்குப் புதியவன் இல்லை. காளவாசலில் சன் ஃபிலிம் கடை வைத்து, தலை நரைத்து, புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிற நிலைக்கு வந்த பிறகுதான் இந்த மரியாதை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று எழுதிவைத்தால் அடுத்து வருகிறவர்களின் காலராவது மிஞ்சும்.

1. நாக்கைத் துருத்தும் டெமோ

நான் கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டிப் பழகியவன். கறுப்பு ஃபிலிம் கூடாது என்று போலீஸ் பிடிக்க ஆரம்பித்ததும் வீட்டு ஜன்னல்களுக்கு மாறினேன். எல்லோரும் கேட்பது ஒன்வே மிரர் ஃபிலிம்தான். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் இருப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும்.

கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு டெமோ வைத்திருந்தேன். அவர்களை வெயிலில் நிறுத்திவிட்டு, ஃபிலிம் ஒட்டிய கதவுக்குப் பின்னால் நின்று நாக்கைத் துருத்துவேன். வெளியே வந்து, "நான் என்ன செஞ்சேன், சொல்லுங்க" என்பேன். தெரியலையே என்பார்கள். ஆர்டர் அங்கேயே முடிந்துவிடும். என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நானே நினைத்துக்கொண்ட காலம் அது.

பசுமலையிலிருந்து வந்தவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், தனியாக இருக்கிறார். கேன்சருக்கு வைத்தியம் பார்த்ததில் தலைமுடி மொத்தமும் கொட்டியிருந்தது. பூப்போட்ட துணி ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். டெமோவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"தம்பி, என் ஜன்னலுக்கு நேரா பஸ் ஸ்டாப்பு. பூரா நான் படிக்க வச்ச புள்ளைக. இந்தத் துணி அரிக்குது, வீட்டுக்குள்ளயாவது அவுத்துப் போடணும். நான் தெருவப் பாக்கணும், தெரு என்னையப் பாக்கக் கூடாது. அம்புட்டுதான்."

"கவலையே படாதீங்க டீச்சர்."

"ராத்திரியிலயும் தெரியாதுல்ல?"

"தெரியவே தெரியாது. எங்க வீட்டு ஹால்லயே ஒட்டியிருக்கேன்."

ஒட்டியிருந்தது உண்மை. உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தேனா என்றால் இல்லை. காருக்குள் யாரும் டியூப்லைட் போடுவதில்லை. வீட்டு வேலைகளையும் நாங்கள் பொழுது இருக்கும்போதே முடித்துவிடுவோம், அப்போதுதான் ஃபிலிமுக்குள் சிக்கிய காற்றுக்குமிழ் கண்ணுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நான் ஒட்டிய ஒரு ஜன்னலைக்கூட விளக்கு வைத்த நேரத்தில் தெருவில் நின்று பார்த்ததில்லை.

ஒரு புதன்கிழமை போய் ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் அடித்து, ரப்பர் பட்டையால் இழுத்து, ஒரு குமிழ் இல்லாமல் முடித்தேன். முடித்த பெருமையில், "இனிமே ஸ்கிரீன் எதுக்கு டீச்சர்?" என்று நானே திரைச்சீலையைக் கம்பியோடு கழற்றிப் பரணில் போட்டேன். அவர் ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மினி பஸ் வந்து நின்று போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நல்லா இருப்பீங்க" என்றார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

2. விட்டுப்போன ஸ்டெப்

என் வீடு விளாங்குடியில். தொப்பையைக் குறை என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பொழுது இறங்கியதும் ஹாலில் விளக்கைப் போட்டு, செல்போனில் பாட்டை வைத்து, அரை டிராயரோடு உடற்பயிற்சி செய்வேன். கையைத் தூக்கி இடுப்பை ஆட்டுகிற மாதிரி ஒன்று அதில் உண்டு. யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நன்றாகவே ஆட்டுவேன்.

டீச்சர் வீட்டில் ஒட்டிவிட்டு வந்த அன்று, களைப்பில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, டிராயருக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே மளிகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பழைய சிநேகிதர்.

"என்ன மாப்ள, இன்னைக்கு அந்த இடுப்பாட்டுற ஸ்டெப்ப விட்டுட்ட?"

எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பி, விளக்கு எரிந்துகொண்டிருந்த என் வீட்டு ஹாலைப் பார்த்தேன். சோபா தெரிந்தது. காலண்டர் தெரிந்தது. சோபாவில் காயப்போட்டிருந்த பனியன் தெரிந்தது.

"எம்புட்டு நாளா தெரியுது?"

"ஒட்டுனதுல இருந்தே தெரியுது. நீ கடைக்கு விளம்பரம் பண்றேன்னுல்ல நெனச்சோம்."

வெட்கப்படக்கூட நேரமில்லை. டீச்சர் ஞாபகம் வந்துவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் கண்ணாடி மறைக்கும் என்ற உண்மை, கடை வைத்து நரைத்துப்போன எனக்கு மளிகைக்கடை வாசலில் உறைத்தது. போன் போட்டேன். எடுக்கவில்லை. அது அவர் ஜெபம் பண்ணுகிற நேரம் என்று பிறகுதான் தெரிந்தது. வண்டியை எடுத்தேன்.

காளவாசல் சிக்னலில் நின்றபோதுதான் தொடையில் காற்று பட்டது. டிராயரை மாற்றவில்லை.

3. பஸ் ஸ்டாப்

நினைத்தபடியே இருந்தது. டியூப்லைட் எரிந்தது. டீச்சர் மேசை முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், தலையில் துணி இல்லை. ஸ்டாப்பில் நின்ற இரண்டு பெண்கள் ஜன்னலைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்கள். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் கத்தவில்லை. லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் நின்றார்.

"உங்கள நம்பித்தான அவுத்தேன்" என்றார். பிறகு, "ஒவ்வொரு லைட்டா போடுறேன். வெளிய நின்னு எது எது தெரியுதுன்னு போன்ல சொல்லுங்க" என்றார்.

எதிர்ப்பக்கம் போய் நின்றேன். சமையல்கட்டு விளக்கைப் போட்டார். "நிழலாத் தெரியுது டீச்சர்." அணைத்தார். "இப்பத் தெரியல." நான் குனிந்தும் நிமிர்ந்தும், எக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து காலரில் கை விழுந்தது.

"யோவ், பொம்பள தனியா இருக்க வீட்ல என்னய்யா எட்டி எட்டிப் பாக்குற? அதுவும் டவுசரோட."

"அண்ணே, நான் கண்ணாடி ஒட்டுறவன்."

"ராத்திரியில எவன்டா கண்ணாடி ஒட்டுறான்?"

நியாயமான கேள்வி. சாயங்காலம் வரை எனக்குத் தோன்றாத கேள்வியும்கூட. அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள், ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார்.

அப்போது எதிரே டீச்சர் வீட்டுக் கதவு திறந்தது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்ற டீச்சருக்கு அந்தக் கண்ணாடி வழியே எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தெருவிளக்குக்குக் கீழே நடந்து வந்தார். தலைத்துணி கையில் இருந்தது. கட்டிக்கொண்டு வரலாம் என்று அவர் நிற்கவில்லை.

"அவர விடுப்பா. நாந்தான் நிக்கச் சொன்னேன்."

எல்லோரும் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. எதற்காக என்னிடம் வந்தாரோ அதை எனக்காகவே விட்டுக்கொடுத்துவிட்டு நின்றார்.

ஆட்டோக்காரர் காலரை விட்டார். "டீச்சர், மேலுக்கு முடியலன்னு சொன்னாக. ரொம்ப நாளா ஆளே காணோமேன்னு பேசிக்கிட்டோம். இப்பப் பரவாயில்லையா?"

"பரவாயில்லப்பா. முடிதான் இன்னும் வரல, அம்புட்டுதான்."

"வந்துரும் டீச்சர்" என்றார் அவர். போனைத் தூக்கியவர் பைக்குள் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது, பாதிப் பேர் ஏறிப் போனார்கள். எனக்குத்தான் கண் கலங்கியது. டவுசரோடு நின்று அழுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

மறுநாள் முழுக்கால் பேண்ட் போட்டுக்கொண்டு போய்ப் பரணிலிருந்து திரைச்சீலையை எடுத்து மாட்டினேன். டீச்சர் ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், துணி கட்டாமல். "மாட்டுங்க. இன்னைக்கு மறைக்கத் தோணல, எல்லா நாளும் ஒண்ணுபோல இருக்குமா?" என்றார்.

இப்போது ஒன்வே கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜன்னல் அளவை அல்ல, வீட்டில் எத்தனை மணிக்கு லைட் போடுவீர்கள் என்பதை. பகலுக்கு மட்டும் என்றால் மிரர் ஃபிலிம். இரவிலும் என்றால் கூடவே கனமான திரைச்சீலை. குளியலறைக்கு வேறு பேச்சே இல்லை, பால் மாதிரி மங்கலான கண்ணாடிதான். நாக்கைத் துருத்துவதை நிறுத்திவிட்டேன்.

அப்படியும் நம்பாமல், "ராத்திரியில தெரியவா போகுது?" என்று கேட்பவர்களுக்கு விளாங்குடி விலாசம் கொடுக்கிறேன். விளக்கு வைத்த பிறகு மளிகைக்கடை வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன். இடுப்பாட்டுகிற ஸ்டெப் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு ஆர்டர் பேசிக்கொள்ளலாம்.